இன்கா மக்களைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்கா மக்களைப் பற்றி எழுதுபவர்கள் முதலில் இடறுவது அந்தப் பெயரில்தான். பெருவின் குஸ்கோ பள்ளத்தாக்கில் வாழ்ந்த ஒரு சிறிய இனக்குழுவையும் அதன் அரசரையுமே 'இன்கா' என்ற சொல் குறித்தது. அவர்கள் தங்கள் பேரரசை 'தவாந்தின்சுயு', அதாவது 'ஒன்றுசேர்ந்த நான்கு பகுதிகள்' என்று அழைத்தார்கள். இன்றைய கொலம்பியாவின் தென்கோடி முதல் சிலியின் நடுப்பகுதி வரை நீண்ட அந்நாட்டில் கன்யாரி, வங்கா எனப் பல இனத்தவர் இன்காக்களுக்கு அடங்கி வாழ்ந்தார்கள். இந்த வேறுபாட்டை மறந்தால் பேரரசின் வீழ்ச்சியே புரியாமல் போய்விடும்.

'பல்லாயிரம் ஆண்டுப் பழமை' என்று எழுதுவதும் பிழை. பச்சாகுதி என்ற அரசர் ஏறத்தாழ 1438இல் தொடங்கிவைத்த பேரரசு விரிவாக்கம் நூறாண்டுகூட நிலைக்கவில்லை. அவர்களுடைய புகழ்பெற்ற மலையுச்சிக் குடியிருப்பான மச்சு பிக்சுவும் 15ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டதே. பாலைநிலத்தில் வரையப்பட்ட பேருருவங்களான நாஸ்கா கோடுகளோ இன்காக்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பு வாழ்ந்த வேறொரு மக்களுடையவை.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, எழுத்தில்லாததால் அவர்களிடம் பதிவுகளே இல்லை என்ற கூற்று. மக்கள்தொகை, வரியாகச் செய்த உழைப்பு, களஞ்சிய இருப்பு எல்லாவற்றையும் அவர்கள் 'கிப்பு' என்னும் முடிச்சுக் கயிறுகளில் பதிந்து வைத்தார்கள். ஒரு தலைக்கயிற்றிலிருந்து தொங்கும் இழை ஒன்றில் 352 என்ற எண்ணைப் பதிய வேண்டுமானால், மேலே நூறுகளின் இடத்தில் மூன்று எளிய முடிச்சுகளும், சற்று இடைவெளி விட்டுப் பத்துகளின் இடத்தில் ஐந்தும், அடியில் ஒன்றுகளின் இடத்தில் இரண்டு சுற்றுள்ள ஒரு நீள முடிச்சும் இடுவார்கள். சுழியத்துக்கு முடிச்சே கிடையாது. அந்த இடம் வெறுமையாக விடப்படும். கடைசி முடிச்சின் வடிவமே எண் எங்கே முடிகிறது என்று காட்டிவிடுவதால், ஒரே இழையில் பல எண்களைக் குழப்பமின்றிப் படிக்க முடிந்தது. சில கிப்புகளில் எண்களுக்கு அப்பாலும் செய்தி இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அது இன்னும் முழுமையாகப் படித்தறியப்படவில்லை.

168 ஸ்பானியர்கள் ஒரு பேரரசையே வீழ்த்தினார்கள் என்ற கதையும் அரைகுறையானது. 1532 நவம்பர் 16 அன்று பெருவின் கஹமார்க்கா நகரில் ஸ்பானியப் படைத்தலைவர் பிசாரோ இன்கா அரசர் அதாவால்பாவைச் சிறைப்பிடித்தது உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே, ஏறத்தாழ 1527இல், தந்தை வய்னா கபாக் இறந்துவிட, அரியணைக்காக அதாவால்பாவும் உடன்பிறந்தவரான வாஸ்கரும் நடத்திய போரில் நாடு பிளந்து கிடந்தது. கன்யாரிகளும் வங்காக்களும் ஸ்பானியர்களின் பக்கம் சேர்ந்து ஆயிரக்கணக்கில் போரிட்டார்கள். அப்படியிருந்தும் எதிர்ப்பு ஓயவில்லை. 1536இல் இன்கா அரசர் மான்கோ இன்கா குஸ்கோவை முற்றுகையிட்டார், மலைக்காட்டுப் பகுதியான வில்கபம்பாவில் 1572 வரை இன்கா அரசு நீடித்தது.

'மறைந்துபோன மக்கள்' என்ற சொல்லையும் விட்டுவிட வேண்டும். இன்காக்கள் பேசிய கெச்சுவா மொழியை இன்றும் பல லட்சம் பேர் பேசுகிறார்கள். பெருவின் அபூரிமாக் ஆற்றின் மீது இன்கா முறையில் தொங்கும் கெஸ்வாசாக்கா என்னும் புல்கயிற்றுப் பாலத்தை அதன் அருகில் வாழும் சமூகத்தினர் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் புதிதாகப் பின்னுகிறார்கள். வீடுதோறும் திரித்துக் கொண்டுவரும் புல்கயிறுகளை முறுக்கி வடமாக்கி, பழைய பாலத்தை அறுத்து ஆற்றில் விட்டுவிட்டு, புதியதைக் கட்டுகிறார்கள். பெருந்தொற்றினால் 2020இல் அந்தப் பணி நின்றுபோக, 2021 மார்ச்சில் பாலம் அறுந்து விழுந்தது. அவ்வாண்டு ஜூனிலேயே அதே புல்லால் மீண்டும் பின்னிவிட்டார்கள்.