வேலையை விட்டு அனுப்பும்போது செட்டில்மென்ட் பேச வக்கீல் வேண்டுமா?

நாகர்கோவிலிலோ குழித்துறையிலோ காலை ரயில் ஏறித் திருவனந்தபுரம் டெக்னோபார்க் ஐ.டி. வளாகத்தில் வேலை பார்த்துத் திரும்பும் நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளைகளில் சிலரை, ஒரு மாலையில் தனி அறைக்கு அழைத்து, "ராஜினாமா கொடுத்துவிடுங்கள், இரண்டு மாதச் சம்பளம் தருகிறோம்" என்று ஹெச்.ஆர்., அதாவது மனிதவளப் பிரிவு, சொல்வதுண்டு. இப்படித் தொகை பேசி முடிப்பதைத்தான் செட்டில்மென்ட் என்கிறார்கள். அப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்யலாம் என்பதை முதன்முறை அறிபவர்களுக்காக எழுதுகிறேன். கையெழுத்திடும் முன் ஒரு வக்கீலிடம் காகிதங்களைக் காட்டிவிடுவது அநேகமாக எல்லோருக்கும் தேவை. நிறுவனத்தோடு பேச அவரையே அமர்த்துவது சிலருக்குத்தான் தேவை என்பது என் கருத்து.

முதல் படி: அன்றைக்கே கையெழுத்திட வேண்டாம்

மார்த்தாண்டத்தில் இருக்கும் என் அக்காள் மகன், வீடு திரும்பும் ரயில் பாறசாலையைத் தாண்டுவதற்குள் கைபேசியிலேயே ராஜினாமாவைப் பதிந்துவிட்டான். காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் "சொந்தக் காரணங்கள்" என்று நிறுவனமே முன்கூட்டி நிரப்பி வைத்திருந்தது. பிறகு குழித்துறையில் நாங்கள் பார்த்த வக்கீல், அந்த இரண்டு சொற்களையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தானாக விலகியவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது என்பதும், மிரட்டி எழுத வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் சுமை நம் தலையில் விழும் என்பதும் அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது.

ஆகவே, "படித்துப் பார்க்க ஒரு வாரம் அவகாசம் வேண்டும்" என்று மட்டும் மின்னஞ்சலில் எழுதுங்கள். பணி நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், மதிப்பீட்டுக் கடிதங்கள் ஆகிய உங்கள் சொந்த ஆவணங்களை அலுவலகக் கணக்கு முடக்கப்படும் முன் எடுத்து வையுங்கள். நிறுவனத்தின் கோப்புகளைத் தொடாதீர்கள்.

இரண்டாம் படி: வர வேண்டியதைக் கணக்கிடுங்கள்

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் இடத்தில் இப்போது தொழிலுறவுகள் தொகுப்பு இருக்கிறது என்றாலும், ஓராண்டாவது தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளமும், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் தர வேண்டும் என்ற அடிப்படை மாறவில்லை.

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய், பணிக்காலம் 7 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். முன்னறிவிப்புக்கு 26,000, இழப்பீடு ஆண்டுக்கு 13,000 வீதம் 91,000, பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, 26,000ஐ 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்க ஆண்டுக்கு 15,000 வீதம் 1,05,000. மொத்தம் 2,22,000 ரூபாய். இரண்டு மாதச் சம்பளம் என்ற பேச்சு அப்போது காதுக்கு இனிக்காது. ஈட்டிய விடுப்புக்கான பணம் இந்தக் கணக்கில் சேரவில்லை. பணிக்கொடை சட்டப்படி வர வேண்டிய பணம். அதையும் சேர்த்துக் காட்டி "தாராளமான தொகுப்பு" என்று சொன்னால் ஏமாறாதீர்கள்.

மூன்றாம் படி: நீங்கள் சட்டப்படி தொழிலாளியா?

மேலே சொன்ன முன்னறிவிப்பும் இழப்பீடும் சட்டப்படி தொழிலாளி என்று கருதப்படுபவருக்குத்தான். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளரும் தொழிலாளி ஆக மாட்டார்கள். விசிட்டிங் கார்டில் மேலாளர் என்று அச்சிட்டிருப்பதைவிட, நாள் முழுக்க உண்மையில் என்ன வேலை செய்தீர்கள் என்பதே முக்கியம். இந்த இடத்தில்தான் வக்கீல் தேவைப்படுகிறார்.

நான்காம் படி: வக்கீலிடம் ஒரு மணி நேரம்

நம் ஊரில் குடும்ப வக்கீல் என்றால் பெரும்பாலும் பாகப்பிரிவினையும் வழிப்பாதைத் தகராறும் பார்ப்பவராக இருப்பார். தொழிலாளர் வழக்கு நடத்துபவர் யார் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நான் தொழிலாளியா, என் கணக்கு சரியா, இந்தக் கடிதத்தில் எந்த வரி ஆபத்து என்ற மூன்று கேள்விகள் போதும். கட்டணத்தை முன்பே பேசிவிடுங்கள். கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பது வக்கீல்களுக்கான பார் கவுன்சில் விதிப்படி கூடாது. வசதி இல்லாதவர்கள் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் கேட்கலாம். பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளிகளுக்கும் வருமானம் பார்க்காமலே அங்கு இலவச உதவி உண்டு. முந்திரி ஆலையில் வேலை இழந்த அக்காமார் பலருக்கு இது தெரிவதில்லை.

ஐந்தாம் படி: பேச்சை நீங்களே நடத்துங்கள்

வக்கீல் பெயரில் கடிதம் போனதும் ஹெச்.ஆர். வாயை மூடிக்கொண்டு கோப்பைச் சட்டப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார். பேசி முடிய வேண்டியது மாதக்கணக்கில் இழுபடும். "என் கணக்குப்படி 2,22,000 வருகிறது, உங்கள் கணக்கை எழுத்தில் தாருங்கள்" என்று நீங்களே எழுதுங்கள். கேட்ட தொகைக்கும் தருவதற்கும் உள்ள இடைவெளி வக்கீல் கட்டணத்தைவிடப் பலமடங்கு பெரிதாக இருந்தாலோ, கர்ப்பம், சங்கப் பணி, புகார் கொடுத்தது போன்ற காரணத்தால் நீக்கினார்கள் என்று தோன்றினாலோ, முழுதாக அமர்த்துங்கள்.

பேச்சு முறிந்து தகராறு தொழிலாளர் துறைக்குப் போனால், அங்கு நடக்கும் சமரசப் பேச்சில் எந்தத் தரப்புக்காகவும் வக்கீல் ஆஜராக முடியாது; அங்கே நீங்களோ சங்கப் பிரதிநிதியோதான் பேச வேண்டும். தகராறு எழுந்து 2 ஆண்டு கடந்தால் சமரச அலுவலர் அதை எடுக்க மாட்டார். டெக்னோபார்க்கில் வேலை பார்த்தவர், வீடு தக்கலையில் இருந்தாலும், திருவனந்தபுரத்தில் உள்ள அலுவலகத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

தொகை ஒத்துவந்தபின் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் பாருங்கள். "இனி எவ்விதக் கோரிக்கையும் எனக்கு இல்லை" என்ற வரி அங்கே இருக்கும். அதன் பக்கத்தில் "வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை நீங்கலாக" என்று சேர்க்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.