சப்நெட் மாஸ்க்ல நாம கோட்டை விடுற இடங்கள்

ஐபி அட்ரஸை எல்லாரும் ஒழுங்காதான் போடுறாங்க, அதுக்குக் கீழ இருக்கற மாஸ்க்கைதான் சரியா பாக்குறதில்ல. ஆனா யாரு பக்கத்து வீடு, யாருகிட்ட கேட்வே (வெளி நெட்வொர்க்குக்குப் போற வாசல், பெரும்பாலும் ரவுட்டர்தான்) வழியா போகணும்னு முடிவு பண்றதே அந்த மாஸ்க்தான்.

ஒரு சின்ன ஆபீஸ்ல எனக்கு நடந்தது. ரவுட்டர் 192.168.1.1, பிரிண்டர் 192.168.1.70. கடைசி நம்பர் 80 இருக்கற கம்ப்யூட்டர்ல இருந்து பிரிண்ட் வருது, 20ல இருந்து வரல. கேபிள் மாத்தி, டிரைவரை எடுத்துட்டு திரும்பப் போட்டு, சுவிட்ச்ல போர்ட்டையும் மாத்திப் பாத்து சாயங்காலமே ஆயிடுச்சு. அப்புறம் பிரிண்டர் மெனுவுக்குள்ள போனா மாஸ்க் 255.255.255.192, மத்த எல்லாத்துலயும் 255.255.255.0! 256ல 192 போனா 64, அப்போ 0, 64, 128, 192னு 64 64ஆ துண்டு விழும். 70ம் 80ம் ஒரே துண்டு, அதனால பேசிக்குது. 20ல இருந்து வர்ற பாக்கெட் பிரிண்டருக்குப் போய்ச் சேர்ந்தாலும், பிரிண்டர் அதை வேற நெட்வொர்க்னு நெனச்சு பதிலை கேட்வேகிட்ட குடுக்கப் பாக்கும், அந்த கேட்வேயும் (ரவுட்டர், கடைசி நம்பர் 1) பிரிண்டர் கணக்குல வெளியூர்தான், பதில் எங்கயும் போகாது. பாதி பேருக்கு வேலை செய்யுது, பாதி பேருக்கு இல்லன்னா தயவுசெஞ்சு கேபிளைப் புடுங்கறதுக்கு முன்னாடி மாஸ்க்கைப் பாருங்க.

அடுத்தது எண்ணிக்கை. /26ல (மேல பாத்த 255.255.255.192ஐ சுருக்கி எழுதறதுதான் இது) 64 அட்ரஸ்னு சந்தோஷப்படாதீங்க, முதல் நம்பர் நெட்வொர்க்குக்கு, கடைசி நம்பர் பிராட்காஸ்ட்டுக்கு (எல்லாருக்கும் ஒரே நேரத்துல அனுப்பறது), மிச்சம் 62, அதுல ரவுட்டருக்கு ஒண்ணு போனா 61. 30 பேர் ஆளுக்கொரு லேப்டாப், ஒரு ஃபோன்னு வந்தாலே 60 ஆச்சு, கேமராவுக்கு எங்க போவீங்க? இதுலயே இன்னொரு தப்பான நம்பிக்கை, 0லயும் 255லயும் முடியறது எதையும் குடுக்கவே கூடாதுங்கறது. 10.0.0.0/23ல (அதாவது 10.0.0.0ல இருந்து 10.0.1.255 வரைக்கும் ஒரே நெட்வொர்க்) 10.0.0.255, 10.0.1.0 ரெண்டும் சாதாரண அட்ரஸ்தான், தாராளமா குடுக்கலாம்.

172ல ஆரம்பிச்சா பிரைவேட் (உள் நெட்வொர்க்குக்குன்னே ஒதுக்கினது) அப்படின்னு நெனைக்கறதும் தப்பு, 172.16ல இருந்து 172.31 வரைக்கும்தான் பிரைவேட், 172.32 போட்டீங்கன்னா அது இன்டர்நெட்ல வேற யாரோடதோ.

ஆபீஸுக்கு 192.168.1.0/24 (மாஸ்க் 255.255.255.0) வச்சிட்டு, அப்புறம் விபிஎன் (வெளியில இருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள வர்ற பாதை) போடுறவங்க ரொம்பப் பேர். நெறைய வீட்டு ரவுட்டர்லயும் அதேதான் வந்திருக்கும், அப்போ வீட்டுல இருந்து ஆபீஸ் சர்வரைத் தேடினா லேப்டாப் அதை வீட்டுக்குள்ளயே தேடிட்டு இருக்கும். மொதல்லயே 10.37.20.0/24 மாதிரி யாரும் தொடாத ஒண்ண எடுத்துக்கோங்க.

பிரிண்டருக்குக் கையால ஐபி போடுறப்போ அது டிஹெச்சிபி (ஐபியைத் தானா குடுக்கற வசதி) குடுக்கற ரேஞ்சுக்குள்ள இருக்கான்னும் பாத்துக்கோங்க, இருந்தா ஒருநாள் அதே நம்பர் யாரோ ஒருத்தர் ஃபோனுக்கும் போயிடும். நான் 100ல இருந்து 200 வரைக்கும் டிஹெச்சிபிக்கு விட்டுட்டு, கையால போடுறதையெல்லாம் 100க்குக் கீழதான் வைக்கறேன்.