கணினியில் வேதத்தை ஆராய: இ-ஸ்வார்டை யோவான் 21-இல் தொடங்குங்கள்

எங்கள் சபையின் வாலிபர் பலருக்கு இ-ஸ்வார்ட் மென்பொருளைக் கணினியில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். முன்பெல்லாம் ஒவ்வொரு தடவையும் ஒன்றேதான் நடக்கும். முதல் நாளே கண்ணில் படுகிற விளக்கவுரை, அகராதி எல்லாவற்றையும் இறக்கிவிடுவார்கள். திரை முழுக்கச் சின்னச் சின்ன டேப்கள் வந்து நிற்கும். எதைத் தொடுவது என்று புரியாமல் ஒரு வாரத்தில் மூடிவிடுவார்கள், அப்புறம் திறப்பதே இல்லை.

அதனால் இப்போது வேறு மாதிரி கற்றுக்கொடுக்கிறேன். மூன்று நான்கு புத்தகங்கள் போதும், ஒரே ஓர் அதிகாரம் போதும். அந்த அதிகாரத்தைப் படித்து முடிக்கும்போது மென்பொருளில் முக்கியமான எல்லாமே கைக்கு வந்திருக்கும். நான் எடுத்துக்கொள்வது யோவான் 21. உயிர்த்தெழுந்த இயேசு திபேரியா கடற்கரையில் சீஷருக்குக் காலை உணவு கொடுத்து, பேதுருவிடம் மூன்று தரம் கேள்வி கேட்கிற அதிகாரம்.

ஒரு முன்னேற்பாடு. உங்கள் தமிழ் வேதாகமத்தை, அச்சுப் புத்தகத்தை, விசைப்பலகைக்குப் பக்கத்தில் திறந்து வையுங்கள். திரையில் நாம் பார்க்கப்போவது ஆங்கிலமும் அதன் பின்னால் இருக்கிற கிரேக்க, எபிரெயச் சொற்களும். தமிழ் மேசையில் இருக்கட்டும். கண் இரண்டுக்கும் மாறி மாறிப் போக வேண்டும், அதுதான் இந்த முறையின் உயிர்.

நிறுவுதல்

இ-ஸ்வார்டை ரிக் மேயர்ஸ் என்பவர் 2000-ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கொடுத்து வருகிறார். விண்டோஸ் கணினிக்கு ஒரு காசும் செலவில்லை. மேக் வைத்திருப்பவர்களுக்கு இ-ஸ்வார்ட் எக்ஸ் என்று தனியாக ஒன்று விலைக்குக் கிடைக்கிறது. லினக்ஸ் என்றால் ஸைஃபோஸ் அல்லது பைபிள்டைம் போட்டுக்கொள்ளலாம். பெயர்களும் பட்டன்களும் மாறும், கீழே சொல்கிற வேலை அவற்றிலும் நடக்கும்.

இ-ஸ்வார்ட் டாட் நெட் என்ற அதிகாரபூர்வத் தளத்துக்கே போய் இறக்குங்கள். நிறுவும்போது கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் 'நெக்ஸ்ட்' கொடுத்தால் போதும். கேஜேவி என்கிற கிங் ஜேம்ஸ் ஆங்கில வேதாகமம், அதே வேதாகமம் எண்களோடு (அவை என்ன என்று பின்னால் சொல்கிறேன்) இருக்கிற கேஜேவி பிளஸ், ஸ்ட்ராங்ஸ் அகராதி, இந்த மூன்றும் உங்களிடம் இருக்க வேண்டும். இல்லாததை மேலே உள்ள 'டவுன்லோட்' மெனுவில் எடுத்துக்கொள்ளுங்கள். அதே மெனுவில் விளக்கவுரைகளின் பட்டியலுக்குப் போய் டிரெஷரி ஆஃப் ஸ்கிரிப்சர் நாலெட்ஜ் என்ற ஒன்றை மட்டும் இறக்குங்கள். மற்றவற்றை ஒரு மாதம் கழித்துப் பார்க்கலாம்.

வேறு தளங்களில் விலைக்கு விற்கிற மொழிபெயர்ப்புகளைக் கூட இ-ஸ்வார்டுக்கு ஏற்ற கோப்பாக மாற்றி இலவசமாகப் போட்டிருப்பார்கள். அவற்றைத் தொடாதீர்கள். வேதத்தைப் படிக்க உட்காருகிறவர் பிறர் உழைப்பை எடுத்துக்கொண்டு தொடங்கக் கூடாது.

திரையில் என்ன இருக்கிறது

நான்கு பகுதிகள். வேதாகமம், விளக்கவுரை, அகராதி, குறிப்பு எழுதும் இடம். வேதாகமப் பகுதியில் ஒரு வசனத்தைச் சொடுக்கினால் விளக்கவுரையும் குறிப்பும் தாமாகவே அந்த வசனத்துக்கு வந்துவிடும். புத்தகங்களின் பட்டியலில் யோவானைத் தேர்ந்து 21-ஐச் சொடுக்குங்கள். எழுத்து சின்னதாகத் தெரிந்தால் 'ஆப்ஷன்ஸ்' மெனுவில் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

சரி, இப்போது சுட்டியிலிருந்து கையை எடுங்கள். தமிழ் வேதாகமத்தில் 21-ஆம் அதிகாரத்தை முழுவதும், வாய்விட்டு, ஒரு தடவை வாசியுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். என்ன தேடுகிறோம் என்று தெரியாமல் மென்பொருளைத் தட்டிக்கொண்டிருந்தால் கிடைப்பது வெறும் தகவல்தான்.

கரிநெருப்பு: ஒரு சொல்லைத் தேடுவது

வாசித்தாயிற்றா? 9-ஆம் வசனத்துக்கு வாருங்கள். சீஷர்கள் கரையிறங்கும்போது அங்கே கரிநெருப்பும் அதன்மேல் மீனும் இருக்கின்றன. இப்போது கேஜேவி பிளஸ் டேப்பைச் சொடுக்குங்கள். ஆங்கிலச் சொற்களுக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன எண்கள் தெரியும்.

அவை ஸ்ட்ராங்ஸ் எண்கள். அமெரிக்க வேத அறிஞர் ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890-இல் வெளியிட்ட ஒத்துவாக்கிய நூலிலிருந்து, அதாவது எந்தச் சொல் எந்தெந்த வசனங்களில் வருகிறது என்று காட்டும் நூலிலிருந்து, வந்தவை. மூலமொழியில் இருக்கிற ஒவ்வொரு அடிச்சொல்லுக்கும் அவர் ஓர் எண் கொடுத்தார். எபிரெயத்துக்கு 1 முதல் 8674 வரை, கிரேக்கத்துக்கு 1 முதல் 5624 வரை. கிரேக்க எழுத்து ஒன்றுகூடத் தெரியாதவரும் எண்ணைப் பிடித்துக்கொண்டு சொல்லிடம் போய்ச் சேரலாம். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், ஒவ்வொரு சொல்லாகக் கையால் எண்ணிச் செய்த வேலை அது. இன்றைக்கும் பல வேத மென்பொருள்கள் அதைப் பயன்படுத்துகின்றன.

9-ஆம் வசனத்தில் நெருப்பைக் குறிக்கிற இடத்தில் 439 என்ற எண் இருக்கும். சுட்டியை அதன்மேல் கொண்டுபோனாலே ஒரு சின்னப் பெட்டியில் விளக்கம் வரும். சொடுக்கினால் அகராதிப் பகுதி அங்கே திறக்கும். 'அந்த்ராக்கியா', எரிகிற கரியின் குவியல் என்று இருக்கும். அது 440-ஆம் எண்ணிலிருந்து, அதாவது கரியைக் குறிக்கிற சொல்லிலிருந்து, பிறந்தது என்பதும் அங்கேயே இருக்கும்.

இனித் தேடல். பைனாகுலர் படம் போட்ட பட்டனை அழுத்துங்கள். தேடல் பெட்டியில் ஜி என்ற ஆங்கிலப் பெரிய எழுத்தும், இடைவெளி விடாமல் 439-ம் அடியுங்கள். கிரேக்கத்துக்கு ஜி, எபிரெயத்துக்கு ஹெச். தேடுவது கேஜேவி பிளஸ்ஸில்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எண் இல்லாத பதிப்பில் தேடினால் ஒன்றும் வராது. 4390, 4391 போன்ற எண்கள் உள்ள வசனங்களும் சேர்ந்து வந்தால், முழுச் சொல்லாக மட்டும் பொருத்தும் தெரிவை இயக்கிவிட்டு மறுபடி தேடுங்கள்.

புதிய ஏற்பாடு முழுவதிலும் இரண்டே இடங்கள் வரும். ஒன்று நாம் நிற்கிற 21:9. இன்னொன்று யோவான் 18:18. அதைச் சொடுக்கிப் பாருங்கள். பிரதான ஆசாரியனுடைய வீட்டு முற்றம், குளிர்காலம், வேலைக்காரர் மூட்டிய கரிநெருப்பு, அவர்களோடு நின்று குளிர்காய்கிற பேதுரு. அவன் மூன்று தரம் மறுதலித்த இரவு அது. கடற்கரையில் மூன்று தரம் கேள்வி கேட்கப்படுவதற்கு முன் அவன் கண்ணில் படுவது மறுபடியும் ஒரு கரிநெருப்பு.

நான் முதல் தடவை இதைப் பார்த்தபோது எழுந்து கொஞ்ச நேரம் நடந்துவிட்டுத்தான் திரும்ப உட்கார்ந்தேன். மேசையில் இருக்கிற பழைய தமிழ் மொழிபெயர்ப்பைப் புரட்டுங்கள். இரண்டு இடத்திலும் 'கரிநெருப்பு' என்ற அதே சொல். சின்ன வயதிலிருந்து வாசித்த வசனங்கள், இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

அன்பும் நேசமும்: ஒப்பிடுவது, நிதானிப்பது

அடுத்து 15 முதல் 17 வரை. கேஜேவியில் கேள்வியிலும் பதிலிலும் ஒரே ஆங்கிலச் சொல்தான் திரும்பத் திரும்ப வரும். எண்களைப் பார்த்தால் கதை வேறு. இயேசு முதல் இரண்டு தரம் கேட்கும்போது 25, 'அகபாவோ'. பேதுரு மூன்று தரமும் பதில் சொல்வது 5368, 'ஃபிலேயோ'. மூன்றாம் தரம் இயேசுவும் 5368-ஐயே எடுத்துக் கேட்கிறார். ஒரு தாளில் இந்த எண்களை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு பழைய தமிழ் மொழிபெயர்ப்பை எடுங்கள். 'அன்பாயிருக்கிறாயா' என்று இரண்டு தரம் கேள்வி. 'நேசிக்கிறேன்' என்று பதில். மூன்றாம் தரம் 'நேசிக்கிறாயா'. ஆங்கிலத்தில் மறைந்துபோன வேறுபாட்டைத் தமிழில் பெயர்த்தவர்கள் அப்படியே காத்து வைத்திருக்கிறார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே தமிழ் வேதாகமத்தை மூடி வைத்துவிட்டுத் திரையை மட்டும் பார்க்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

இங்கேதான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். 25 என்றால் தெய்வீக அன்பு, 5368 என்றால் வெறும் நட்பு என்று முடிவு செய்து, அடுத்த ஞாயிறே பிரசங்கத்தில் சொல்லிவிடுவார்கள். முடிவுக்கு வருமுன் அதே தேடல் பெட்டியில் இரண்டு எண்களையும் தேடிப் பாருங்கள். யோவான் 3:35-இல் பிதா குமாரனிடம் அன்பாயிருப்பதற்கு 25. யோவான் 5:20-இல் அதே பிதா, அதே குமாரன், எண் 5368. இரண்டாம் தீமோத்தேயு 4:10-இல் தேமா இந்த உலகத்தின்மேல் ஆசைவைத்துப் பவுலை விட்டுப் போகிறானே, அந்த ஆசைக்கும் எண் 25-தான்.

அப்படியென்றால் யோவான் 21-இல் சொல் மாறுவதற்கு அர்த்தமே இல்லையா? அறிஞர்களிடையே இரண்டு பக்கமும் வாதம் உண்டு. அதே மூன்று வசனங்களில் 'மேய்ப்பது' என்பதற்கும் 1006, 4165 என்று இரண்டு சொற்கள் வருகின்றன, எண்களை நீங்களே பார்க்கலாம். ஒரே சொல்லைத் திரும்பச் சொல்லாமல் மாற்றி மாற்றிச் சொல்வது யோவானின் நடையாகவும் இருக்கலாம். அகராதி ஒரு சொல்லுக்கு எங்கெங்கே என்னென்ன பொருள் வரக்கூடும் என்று காட்டும். இந்த வசனத்தில் எது என்பதை முன்பின் வசனங்கள்தான் சொல்ல வேண்டும்.

விளக்கவுரை எப்போது

இவ்வளவும் நீங்களே பார்த்த பிறகு விளக்கவுரைப் பகுதிக்கு வாருங்கள். முதலில் இறக்கிய டிரெஷரியில் விளக்கமே இருக்காது. ஒத்துவாக்கியங்கள் மட்டும், அதாவது அதோடு தொடர்புள்ள மற்ற வசனங்கள், சொல் சொல்லாக. ஒவ்வொரு குறிப்பின்மேலும் சுட்டியை வைத்தால் அந்த வசனம் பெட்டியில் வரும். தொடக்கத்துக்கு இதைவிட நல்லது இல்லை, ஏனென்றால் வேதத்தை வேதத்தைக்கொண்டே பார்க்கப் பழக்குகிறது.

மத்தேயு ஹென்றி போன்றவர்கள் எழுதிய விளக்கவுரைகள் அதற்கப்புறம். அவர் 1714-இல் இறந்துபோனார். அப்போஸ்தலர் நடபடிகள் வரை அவர் எழுதியது, மீதியை மற்றவர்கள் முடித்தார்கள். பக்தியோடு எழுதப்பட்டது, ஆனாலும் முந்நூறு ஆண்டு பழையது என்பது நினைவிருக்கட்டும்.

குறிப்பைத் தமிழிலேயே எழுதுங்கள்

நான்காவது பகுதியில் 'ஸ்டடி நோட்ஸ்' என்பது வசனத்தோடு ஒட்டிக்கொள்கிற குறிப்பு. 21:9-ஐச் சொடுக்கி, அங்கே இப்போது கண்டுபிடித்ததை இரண்டு வரியில் எழுதிச் சேமியுங்கள். அடுத்த வருஷம் அந்த வசனத்துக்கு வரும்போது அது அங்கேயே இருக்கும். தலைப்பு வாரியாக எழுத 'டாபிக் நோட்ஸ்' உண்டு. அன்பு, நேசம் பற்றிய எண்களை அங்கே வையுங்கள்.

தமிழில் அடிக்கத் தனி மென்பொருள் தேவையில்லை. விண்டோஸ் 10, 11 அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் தமிழ் 99, அஞ்சல் ஆகிய விசைப்பலகைகள் கிடைக்கும். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பட்டையை அழுத்தி ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறிக்கொள்ளலாம். தேடல் பெட்டியில் எண் அடிக்கும்போது ஆங்கிலத்துக்கு மாற மறந்துவிடாதீர்கள்.

இன்னொன்றைக் கட்டாயம் செய்யுங்கள். உங்கள் குறிப்புகள் வழக்கமாக 'டாக்குமென்ட்ஸ்' கோப்புறைக்குள் இருக்கிற இ-ஸ்வார்ட் கோப்புறையில் சேமிக்கப்படும். மாதத்துக்கு ஒரு முறை அந்தக் கோப்புறையை முழுசாக ஒரு பென்டிரைவில் நகலெடுங்கள். என் பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் திடீரென்று போய்விட்டது. ரோமர் நிருபத்துக்கு இரண்டு வருஷமாக விடியற்காலையில் உட்கார்ந்து எழுதிய குறிப்புகள் அதோடு போயின. மென்பொருளை மறுபடி இறக்கிக்கொண்டேன், அரைமணி நேர வேலை. அந்தக் குறிப்புகளை எங்கிருந்து இறக்குவது? இன்றும் ரோமர் 8-ஐத் திறந்தால் அந்த வெற்றுப் பெட்டி மனதை உறுத்துகிறது.

நீங்களே செய்து பார்க்க

இதே படிகளை எபிரெயத்தில் ஒரு தடவை செய்யுங்கள். சங்கீதம் 23:1. 'மேய்ப்பர்' என்ற சொல்லுக்கு எண் 7462. முன்னால் ஹெச் போட்டுத் தேடுங்கள். நிறைய வசனங்கள் வரும், பயப்படாதீர்கள். பல வசனங்கள் உண்மையான ஆட்டு மந்தைகளைப் பற்றியவை. தேடல் எல்லையை ஆதியாகமத்துக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டு, ஒவ்வொன்றாக இறங்கி 48:15-க்கு வாருங்கள். யாக்கோபு சாகப்போகிற நேரத்தில் யோசேப்பின் பிள்ளைகளை ஆசீர்வதிக்கிறான். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் தேவன் தன்னை 'ஆதரித்துவந்த' தேவன் என்று சொல்கிறான். எண்ணைப் பாருங்கள், அதே 7462. வாழ்நாளெல்லாம் ஆடு மேய்த்த மனிதன் சொல்கிற வார்த்தை அது. 'ஆதரித்துவந்த' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பென்சிலால் அந்த எண்ணை எழுதிவிட்டு, 48:15-இன் 'ஸ்டடி நோட்ஸ்' பகுதியில் உங்கள் முதல் குறிப்பைத் தொடங்குங்கள்.