டிக் டிக் சத்தமும் ஆயில் பிரஷரும்: சில்வராடோ பிக்கப்பில் கோளாறை நீங்களே கண்டுபிடிப்பது எப்படி?

அமெரிக்காவிலும் கனடாவிலும் வளைகுடா நாடுகளிலும் பழைய பிக்கப் தேடுபவர்கள் கண்ணில் அடிக்கடி படுவது செவர்லே சில்வராடோ. இல்லையென்றால் அதே வண்டி, ஜி.எம்.சி. சியரா என்ற பெயரில். 2007 முதல் 2013 வரை வந்த தலைமுறையில் பெரும்பாலும் 5.3 லிட்டர் வி8 பெட்ரோல் இன்ஜின் இருக்கும். நேரத்துக்கு ஆயில் மாற்றினால் நீண்ட நாள் உழைக்கும் நல்ல இன்ஜின் அது. ஆனால் வயதாக வயதாக, பானட்டுக்குள் டிக் டிக் என்று ஒரு சத்தம் கிளம்புகிறது. கூடவே மீட்டரில் ஆயில் பிரஷர் முள்ளும் கீழே இறங்குகிறது. உடனே பக்கத்தில் இருப்பவர், "லிஃப்டர் போச்சு, ஹெட்டைக் கழற்றணும்" என்று சொல்லிவிடுவார். லிஃப்டர் என்பது கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டு) தள்ள, வால்வைத் திறக்கவைக்கும் சின்னத் துண்டு. ஹெட் என்பது சிலிண்டர்களுக்கு மேலே மூடியாக இருக்கும் பாகம்.

லிஃப்டர் போயிருக்கலாம். ஆனால் இதே சத்தத்தை உடைந்த ஒரு போல்ட்டும் உண்டாக்கும். இதே முள் இறக்கத்தை அடைத்துப்போன ஒரு சின்ன வலையும் உண்டாக்கும். அதனால் சத்தத்தைத் தனியாகவும், பிரஷரைத் தனியாகவும் சோதித்துவிட்டு, பிறகுதான் இரண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும். கீழே சொல்லும் வரிசை செலவு குறைந்த சோதனையில் தொடங்கிப் பெரிய வேலையில் முடிகிறது. வரிசையை மாற்றாதீர்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயில் பிரஷர் குறைவு, இன்ஜினை நிறுத்து என்ற எச்சரிக்கை வந்து, கூடவே கனமான டக் டக் சத்தமும் கேட்டால், வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். வீடு வரை ஓட்டிப் பார்ப்போம் என்று நினைக்காதீர்கள். சுழலும் தண்டுகளைத் தாங்கும் பேரிங்குக்கு ஆயில் போகாமல் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் இன்ஜினுக்குக் கேடு.

படி 1: ஆயிலைப் பாருங்கள்

வண்டி சமதரையில் நிற்கட்டும். இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விட்டு டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டுப் பாருங்கள். இந்த இன்ஜின் சுமார் 5.7 லிட்டர், அதாவது 6 குவார்ட் ஆயில் கொள்ளும். 5டபிள்யூ-30 தரம். இந்த ஆண்டு மாடல்களில் பல ஆயிலைக் கொஞ்சம் குடிக்கும் என்பதால், கீழே ஒரு சொட்டுகூட ஒழுகாமலே அளவு குறைந்திருக்கும். குறைவாக இருந்தால் ஊற்றிவிட்டு மறுபடி கேளுங்கள். பலருக்குப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும்.

கடைசியாக எப்போது ஆயில் மாற்றியது என்று தெரியாவிட்டால் இப்போதே ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். கழற்றிய பழைய ஃபில்டரைத் தூக்கி எறியாதீர்கள். வெளி ஓட்டை அறுத்து, உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை விரித்து வெயிலில் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் தூள் என்றால் கேம் அல்லது லிஃப்டரின் எஃகு தேய்கிறது. ஒட்டாமல் மினுமினுக்கும் செதில்கள் என்றால் பேரிங் தேய்கிறது என்று சந்தேகிக்கலாம். எதுவும் இல்லையென்றால் மனதைத் தளரவிட வேண்டாம், நல்ல அறிகுறிதான்.

பிரஷர் குறைகிறது என்று கெட்டியான ஆயில் ஊற்றும் பழக்கம் நிறைய பேரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். முள் கொஞ்சம் ஏறும், கோளாறு அப்படியே இருக்கும். அதோடு இந்த இன்ஜினில் சில லிஃப்டர்களை ஆயில்தான் இயக்குகிறது (படி 8-ஐப் பாருங்கள்). அதற்கு மெல்லிய ஆயில் தேவை.

படி 2: சத்தம் எப்போது, எவ்வளவு வேகத்தில் வருகிறது?

இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து, பானட்டைத் திறந்து வைத்துக் கேளுங்கள். அருகில் ஒருவர் இருந்தால் நல்லது. ரேடியேட்டர் ஃபேன் மின்சாரத்தில் ஓடுவது, சொல்லாமல் திடீரென்று சுற்றும். கை, தொங்கும் துணி, தலைமுடி எல்லாம் எட்டி இருக்கட்டும்.

ஸ்டார்ட் ஆனதும் இரண்டு மூன்று நொடி மட்டும் டிக் டிக் என்று கேட்டு நின்றுவிட்டால், இரவில் ஃபில்டரிலிருந்தும் லிஃப்டரிலிருந்தும் ஆயில் வடிந்திருக்கிறது என்று பொருள். நல்ல ஃபில்டராக மாற்றிப் பாருங்கள். குளிர்ந்த இன்ஜினில் சில நிமிடம் கேட்டு, சூடானதும் மறைந்தால் எக்ஸாஸ்ட் கசிவாக இருக்க வாய்ப்பு அதிகம். சூடான பிறகும் நிற்காமல் இருந்தாலோ, சூட்டில் அதிகமானாலோ, லிஃப்டர் அல்லது பிரஷர் பக்கம் போக வேண்டும்.

அடுத்தது எண்ணிக்கை. ஆரம்பநிலையில் இருப்பவர்களுக்கு இதைவிட உதவும் சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. சும்மா நிற்கும்போது இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 600 சுற்று சுற்றுகிறது. கேம் ஷாஃப்ட் அதில் பாதி வேகத்தில் சுற்றும். ஆகவே ஒரு லிஃப்டர் தட்டினால் நொடிக்கு ஐந்து தட்டு. கிராங்கோடு (இன்ஜினின் முக்கியச் சுழல் தண்டு) பிஸ்டனை இணைக்கும் ராடின் பேரிங் தட்டினால் நொடிக்குப் பத்து. காதால் எண்ண முடியாது. கைபேசியில் சில நொடி பதிவு செய்து, ஒலி அலையைத் திரையில் விரித்துப் பார்த்தால் கூர்முனைகளை எண்ணிவிடலாம். ராட் தட்டும் சத்தம் கனமாக, கீழே சம்ப் (ஆயில் தேங்கும் தொட்டி) பக்கத்திலிருந்து வரும். ஆக்சிலேட்டர் கொடுத்து விடும்போது மாறும். லிஃப்டர் சத்தம் லேசானது, மேலே வால்வ் கவர் பக்கம்.

எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை வால்வ் கவர் போல்ட்டில் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்துங்கள். மெக்கானிக் ஸ்டெதஸ்கோப் இருந்தால் இன்னும் பாதுகாப்பு, விலையும் அதிகமில்லை. பெட்ரோலைப் பீய்ச்சும் எல்லா இன்ஜெக்டரிலும் ஒரே மாதிரி மெல்லிய டிக் சத்தம் கேட்கும், அது இயல்பு. பின்பக்கம் கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் அதிகமாகக் கேட்டால் இன்ஜினை கியர்பாக்ஸோடு இணைக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட் என்ற தகட்டில் விரிசலோ, அதோடு சேரும் டார்க் கன்வர்ட்டரின் போல்ட் தளர்வோ இருக்கலாம். அதற்கும் ஆயிலுக்கும் தொடர்பே இல்லை.

படி 3: எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைச் சந்தேகியுங்கள்

ஒவ்வொரு பக்கமும் ஆறு போல்ட்டுகள் புகை வெளியேறும் குழாய்த்தொகுதியான மேனிஃபோல்டை ஹெட்டோடு பிடித்திருக்கின்றன. வருடக்கணக்கில் சூடாகி ஆறி, ஓரத்துப் போல்ட்டுகளின் தலை முறிந்துவிடும். அதிகம் முறிவது பின்கோடியில், ஃபயர்வாலுக்குப் பக்கத்தில் இருப்பது. டார்ச்சும் கண்ணாடியும் வைத்துப் பாருங்கள். போல்ட் இருக்க வேண்டிய இடம் காலியாகவும், கேஸ்கெட் ஓரம் கறுப்புப் புகைக்கோடாகவும் இருந்தால் கண்டுபிடித்துவிட்டீர்கள். இரும்பு சூடேறி விரிந்ததும் இடைவெளி மூடிக்கொள்வதால்தான் சத்தம் மறைகிறது. ராம் பிக்கப்பின் 5.7 லிட்டர் ஹெமி இன்ஜினிலும் இதே கதை உண்டு. (ஃபோர்டின் 5.4 லிட்டர், சிலிண்டருக்கு மூன்று வால்வ் உள்ள இன்ஜின் என்றால், வால்வ் திறக்கும் நேரத்தை மாற்றும் கேம் ஃபேஸரையும் சந்தேகிக்க வேண்டும். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.)

படி 4: ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பாருங்கள்

இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் கனெக்டரை ஒன்றொன்றாகக் கழற்றி, சில நொடி கேட்டு, மறுபடி மாட்டுங்கள். அந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோல் நின்றுவிடும். எரிதல் நின்றதும் டிக் சத்தம் போய்விட்டால் எக்ஸாஸ்ட் கசிவு அந்தச் சிலிண்டரில்தான். கனமான தட்டு மென்மையானால் அந்த ராட் பேரிங்கில் பிரச்சினை. எதைக் கழற்றினாலும் சத்தம் துளியும் மாறவில்லையென்றால் லிஃப்டர் அல்லது வால்வை அழுத்தும் ராக்கர் வகைதான், ஏனென்றால் எரிந்தாலும் எரியாவிட்டாலும் கேம் அவற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். இந்தச் சோதனையால் செக் இன்ஜின் விளக்கு எரியும், வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் அழித்துக்கொள்ளலாம்.

படி 5: உண்மையான பிரஷரை அளந்து பாருங்கள்

டேஷ்போர்டு முள் காட்டுவது சென்சார் சொல்வதை மட்டும்தான். அதை வைத்து இன்ஜினைப் பிரிக்கக் கூடாது. குழாய் வழியே நேராக அளக்கும் மெக்கானிக்கல் கேஜ் ஒன்று வேண்டும். பல உதிரிபாகக் கடைகளில் இரவலாகவும் கிடைக்கும்.

கேஜை எங்கே மாட்டுவது? ஆயில் ஃபில்டருக்குச் சற்று மேலே, சம்ப்பின் இடது பக்கத்தில் (வண்டியில் முன்னோக்கி உட்கார்ந்து பார்க்கும் இடது), இரண்டு போல்ட் போட்ட சின்ன மூடித்தகடு இருக்கும். கேஜுக்கு மரை வெட்டிய மாற்றுத் தகடு விற்கிறார்கள். அதை மாட்டினால் வேலை சுலபம். ஆயில் கூலர் உள்ள வண்டியில் அந்த இடத்தில் கூலர் குழாய்கள் இருக்கும். அப்போது சென்சாரைக் கழற்றி அதன் துளையில், 16 மி.மீ. விட்டம், 1.5 பிட்ச் மரை உள்ள அடாப்டர் போட வேண்டும். இணைப்பு ஒழுகாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் எப்போதும் அதிகமாகவே காட்டும். இன்ஜினை நன்றாகச் சூடாக்கிவிட்டு அளந்தால்தான் கணக்கு. சூடான இன்ஜினில் இருந்தே தீர வேண்டிய குறைந்தபட்ச அளவு நிமிடத்துக்கு 1,000 சுற்றில் 6 பிஎஸ்ஐ (பிரஷரை அளக்கும் அலகு), 2,000 சுற்றில் 18, 4,000 சுற்றில் 24. இது கடைசி எல்லை. ஆரோக்கியமான இன்ஜின் சும்மா நிற்கும்போதே பொதுவாக 25 முதல் 40 வரை காட்டும். 6-க்கு மேல் இருக்கிறதே என்று 10 பிஎஸ்ஐயில் திருப்தி அடைந்துவிடாதீர்கள், எங்கோ பிரஷர் கசிகிறது.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கேஜ் நன்றாகக் காட்டி, டேஷ் முள் மட்டும் கீழே கிடந்தால் சென்சார் பக்கம்: படி 6. கேஜும் குறைவாகக் காட்டினால் படி 7. கேஜ் நன்றாக இருந்தும் மேலே டிக் டிக் நிற்கவில்லை, எக்ஸாஸ்ட்டும் சரி என்றால் படி 8.

படி 6: சென்சாரும் அதன் அடியில் உள்ள வலையும்

சென்சார் இன்ஜினின் மேற்புறம் கடைசியில், இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்னால் இருக்கிறது. கை நுழைப்பது கஷ்டம், பொறுமை வேண்டும். இன்ஜின் ஆறியதும் கனெக்டரின் பிளாஸ்டிக் கொக்கியை மெதுவாக விடுவித்து, 27 மி.மீ. ஆழமான சாக்கெட்டால் கழற்றுங்கள். துளைக்குள் விரல் நுனியளவு வலை ஒன்று இருக்கும். ஆயில் கசடு சேர்ந்து அது அடைத்துக்கொண்டால் சென்சாருக்குப் பிரஷர் எட்டாது. வளைந்த ஊசிமுனைக் கருவியால் தூக்கி எடுத்து, புது வலையும் புது சென்சாரும் சேர்த்தே போடுங்கள். இவ்வளவு சிரமப்பட்டுக் கையை நுழைத்தபின் ஒன்றை மட்டும் மாற்றுவதில் பயனில்லை.

வலையே வேண்டாம் என்று எடுத்துவிட்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். லேசான ஓட்டத்தில் சில சிலிண்டர்களை நிறுத்தும் (படி 8) சோலனாய்டு, அதாவது மின்சாரத்தில் இயங்கும், வால்வுகளுக்குக் கசடு போகாமல் காப்பது அந்த வலைதான்.

படி 7: ஸ்ட்ரெய்னர் குழாயின் ஓ ரிங்

கேஜிலும் பிரஷர் குறைவு என்றால் அடுத்து நினைக்க வேண்டியது இந்த ரப்பர் வளையத்தை. ஆயில் பம்ப் இன்ஜினின் முன்பக்கம் கிராங்கில் இருக்கிறது. சம்ப்பிலிருந்து ஆயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் குழாய் பம்ப்போடு சேரும் இடத்தில் ஒரே ஒரு ஓ ரிங். அது காய்ந்து இறுகினால், ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுவதுபோல் ஆயிலோடு காற்றும் சேர்ந்து வரும். காற்று கலந்த ஆயிலால் லிஃப்டர் நிரம்பாது, டிக் டிக் என்று தட்டும். லிஃப்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

சம்ப்பை இறக்காமலே இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. வண்டியின் மூக்கு கீழ்நோக்கி இருக்கும்படி சரிவில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, சக்கரத்துக்கு அணை கொடுத்து, சும்மா ஓடவிட்டுக் கேஜைப் பாருங்கள். முன்னால் சாய்ந்த ஆயில் அந்த இணைப்பை மூடும்போது காற்று புக வழியில்லை. பிரஷர் சட்டென்று ஏறினால் ஓ ரிங்தான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். ஏறாவிட்டால் பம்ப், அதிகப் பிரஷரை வடிக்கும் அதன் ரிலீஃப் வால்வ், பேரிங் தேய்மானம் என்று பட்டியல் நீளும்.

ஓ ரிங் விலை மிகக் குறைவு, உழைப்புத்தான் அதிகம். சம்ப்பை இறக்க வேண்டும். நான்கு சக்கர இயக்க வண்டியில் முன் டிஃபரன்ஷியலையும் இறக்க வேண்டியிருக்கும். வெவ்வேறு குழாய்களுக்கு வெவ்வேறு தடிமனில் ஓ ரிங் வருவதால், நிறத்தை வைத்து வாங்காமல் வண்டியின் அடையாள எண்ணான வி.ஐ.என்.-ஐச் சொல்லி வாங்குங்கள்.

படி 8: லிஃப்டர்

எரிபொருள் மிச்சமாக, லேசான ஓட்டத்தில் நான்கு சிலிண்டரை நிறுத்தும் ஏற்பாடு இந்த இன்ஜினில் இருக்கிறது. நிற்பவை 1, 4, 6, 7. இடது பக்கத்தில் முன்னிருந்து 1, 3, 5, 7. வலது பக்கத்தில் 2, 4, 6, 8. நிற்கும் சிலிண்டர்களின் லிஃப்டர் இரண்டு துண்டாக மடங்கும் வகை என்பதால் பழுதாவதும் பெரும்பாலும் அவைதான். ஸ்கேனரில், கடைசி எண்ணுக்குரிய சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று சொல்லும் பி0301, பி0304, பி0306, பி0307 ஆகியவற்றில் ஒன்று வந்து, சத்தமும் அதே சிலிண்டருக்கு மேலே கேட்டால் இனி சந்தேகமில்லை. அதன் பிறகு ஓட்டாதீர்கள். லிஃப்டரின் உருளை கேம் முனையை அரைத்து, அந்த எஃகுத் தூளை ஆயிலில் கலந்துவிடும்.

சிலிண்டர் நிற்காமல் தடுக்கும், ஸ்கேனர் சாக்கெட்டில் மாட்டும் கருவியை இப்போது வாங்காதீர்கள். நல்ல நிலையில் இருக்கும் இன்ஜினுக்கு அது உதவலாம், மடங்கிய லிஃப்டரை அது நிமிர்த்தாது.

இந்த இன்ஜினில் ஹெட்டைக் கழற்றாமல் லிஃப்டரை எடுக்க முடியாது. வொர்க்ஷாப்பில் விலை கேட்கும்போது கேம் ஷாஃப்டைப் பார்த்து மாற்றுவது, பழுதான ஒன்றை மட்டுமல்லாமல் எல்லா லிஃப்டரும் மாற்றுவது, புது ஹெட் போல்ட்டுகள், இவை கணக்கில் சேர்ந்திருக்கின்றனவா என்று கேளுங்கள். அந்த ஹெட் போல்ட்டுகள் இறுக்கும்போது நீளும் வகை, பழையதைத் திரும்பப் போடக் கூடாது.

வேலை முடிந்ததும் சாவியைத் திருப்பி உடனே ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். அந்த நிலையில் இன்ஜெக்டர்கள் பெட்ரோல் விடாது, இன்ஜின் வெறுமனே சுற்றும். பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து சுற்றாமல் இடைவெளி விட்டுச் செய்யுங்கள். கேஜ் முள் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகு காலை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யலாம்.