மாங்காய்க்குக் காம்பு முக்கியம்

கிருஷ்ணகிரிப் பக்கம் மே மாசம் தோப்பு வேலை விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடும். 10 மணிக்கு மேல வெயில் நிக்க விடாது. வீட்டுல நாலு மரம் மட்டும் வெச்சிருக்கிறவங்களுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்றேன்.

மாங்காயைத் திருகிப் பிடுங்காதீங்க. காம்பு அடியோட ஒடிஞ்சா பால் பீய்ச்சி அடிக்கும். அது வழிஞ்ச இடத்துல தோல் கறுத்துப் போகும், காய் பழுக்கும்போது அங்கிருந்தே அழுகலும் பிடிக்கும். எனக்கு ஒரு தடவை கண்ணோரம் தெறிச்சு, அன்னிக்கு முழுக்க வேலை போச்சு. வலை கட்டின தொரட்டியால, ஒரு விரல் நீளக் காம்போட அறுத்து இறக்குங்க. நிழலுக்குக் கொண்டுபோய் காம்பை 1 சென்டிமீட்டர் விட்டு நறுக்கி, காம்புப் பக்கம் கீழே பார்க்கிற மாதிரி சாக்கு மேல கவுத்து வைங்க. பால் தோல்ல படாம வடிஞ்சிடும்.

முத்தினதான்னு சந்தேகமா? ஒரு வாளித் தண்ணில போடுங்க. முத்தின காய் மூழ்கும், பிஞ்சு மிதக்கும். மிதக்கிறது ஊறுகாய்க்கு.

மா ரகங்கள்ல செந்தூரா முன்னாடி வந்துடும், பெங்களூரா கடைசியாத்தான் வரும். அதனால எல்லா மரத்துலயும் ஒரே நாள்ல கை வைக்காதீங்க. பழுக்க வைக்க வைக்கோல் போதும். கார்பைட் கல்லுக்குச் சட்டத்துலயே தடை இருக்கு. வைக்கோல்ல அடுக்கும்போது அடிபட்டதைத் தனியா எடுத்துடுங்க, அது முதல்ல பழுத்து மத்ததையும் கெடுக்கும்.