தோட்டப்புற ஆவணங்களுக்கு ஒரு வலைத்தளம்: மென்பொருளுக்கு முன் மீதரவைத் திட்டமிடுவது எப்படி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் பழைய படங்களுக்கும் காகிதங்களுக்கும் குறைவில்லை. தோட்டங்கள் கைமாறி, பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்து, தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்புகளான லயன் வீடுகள் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் தாமான்கள் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தபோது அவர்களோடு வந்த கல்யாணப் படங்கள், திருவிழா நோட்டீசுகள், சம்பளச் சீட்டுகள், தமிழ்ப்பள்ளிக் குழுப்படங்கள் ஆகியவை இன்று அலமாரிகளிலும் பிஸ்கட் டின்களிலும் கிடக்கின்றன. இவற்றை ஒரு வலைத்தளத்தில் சேர்த்து வைக்கலாம் என்று கோயில் கமிட்டியோ, பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ, முன்னாள் மாணவர்களோ முடிவெடுத்தால், கூட்டத்தில் எழும் முதல் கேள்வி எந்த மென்பொருளை நிறுவுவது என்பதாகத்தான் பெரும்பாலும் இருக்கிறது. அந்தக் கேள்வியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, ஒவ்வொரு பொருளைப் பற்றியும் என்னென்ன தகவல்களை, எந்த ஒழுங்கில், எந்தச் சொற்களால் பதிவது என்பதை முதலில் தீர்மானிப்பதே சரியான வரிசை. மென்பொருளைச் சில ஆண்டுகளில் மாற்றிக்கொள்ள முடியும். ஒழுங்கில்லாமல் ஏற்றிய ஆயிரம் பதிவுகளை உட்கார்ந்து திருத்த யாருக்கும் பொறுமை இருக்காது.

ஒரு பொருளைப் பற்றிய இந்தத் தகவல்களையே மீதரவு என்கிறோம். செக்ரோல் என்ற தோட்ட வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறாத ஆளுக்குச் சம்பளம் கிடைக்காததைப் போல, மீதரவு இல்லாத படம் தளத்தில் இருந்தாலும் தேடுபவர் கைக்குக் கிடைக்காது. பேஸ்புக் குழுக்களில் இதை அன்றாடம் பார்க்கிறோம். படத்துக்குக் கீழே யார் யார் நிற்கிறார்கள் என்று பலர் எழுதியிருப்பார்கள். சில மாதங்கள் கழித்து அந்தப் படத்தைத் தேடிப் பிடிக்க வழியிருக்காது. வாட்ஸ்அப்பில் வந்த படமோ அளவு சுருங்கி, கோப்புக்குள் பதிந்திருந்த விவரங்களையும் இழந்து வருகிறது. ஆகவே உங்கள் ஊர்ப் படங்கள் ஏற்கனவே இத்தகைய குழுக்களில் இருந்தால், அசல் படத்தை உரியவரிடம் கேட்டு வாங்குவதோடு, பின்னூட்டங்களில் உள்ள பெயர்களையும் இப்போதே எழுதி எடுத்துக்கொள்ளுங்கள்.

தரம் எது?

சிறிய ஊர் அமைப்புகளுக்கு டப்ளின் கோர் என்ற தரமே போதும். 1995இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள டப்ளின் நகரில் நடந்த ஒரு பட்டறையிலிருந்து வளர்ந்த இது, பின்னர் ஐஎஸ்ஓ 15836 என்ற அனைத்துலகத் தரமாகவும் ஏற்கப்பட்டது. தலைப்பு, ஆக்கியோர், பொருள், விளக்கம், வெளியீட்டாளர், பங்களிப்பாளர், தேதி, வகை, வடிவம், அடையாளக் குறி, மூலம், மொழி, தொடர்பு, இட-கால எல்லை, உரிமை என்ற 15 கூறுகள் அதில் உள்ளன. அனைத்தையும் நிரப்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எந்தக் கூறையும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பயன்படுத்தலாம். நாமாகவே புதிய புலங்களை, அதாவது தகவல் நிரப்பும் கட்டங்களை, உருவாக்கிக்கொள்வதைவிட இதைப் பின்பற்றுவதில் உள்ள நன்மை என்னவென்றால், நாளை ஒரு பல்கலைக்கழக நூலகமோ ஆவணக் காப்பகமோ நம் தொகுப்பைச் சேர்த்துக்கொள்ள முன்வந்தால், எந்தப் புலம் எதைக் குறிக்கிறது என்று யாரும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

தரத்தைத் தேர்ந்த பிறகு, அதை உங்கள் தொகுப்புக்கு எப்படிப் பயன்படுத்துவீர்கள் என்று ஒரு புல அகராதி எழுதுங்கள். ஒவ்வொரு புலத்துக்கும் அதில் எதை எழுதுவது, எதை எழுதக்கூடாது, கட்டாயமா விருப்பமா, ஓர் எடுத்துக்காட்டு ஆகியவை இருந்தால் போதும். குழப்பம் வருவது பெரும்பாலும் மனிதர்கள் தொடர்பான புலங்களில்தான். படம் எடுத்தவர் அல்லது ஸ்டூடியோவே ஆக்கியோர். படத்தில் நிற்பவர்கள் ஆக்கியோரும் அல்லர், பங்களிப்பாளரும் அல்லர். அவர்கள் பொருள் என்ற புலத்துக்கு உரியவர்கள். படத்தைக் கொடுத்து உதவிய குடும்பம் மூலம் என்ற புலத்தில் வர வேண்டும். இந்த வேறுபாட்டை எழுதி வைக்காவிட்டால், ஒரே குடும்பத்தின் பெயரை ஒருவர் ஆக்கியோரிலும் மற்றொருவர் மூலத்திலும் எழுதி, தேடல் முடிவுகள் இரண்டாகப் பிளந்துவிடும்.

இடப்பெயர்களும் ஆட்பெயர்களும்

உழைப்பில் பெரும்பங்கை இங்கேதான் செலவிட வேண்டும். ஒரு தோட்டத்துக்குக் கம்பெனி வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று, மலாய்ப் பெயர் ஒன்று, நம்மவர்கள் வாயில் வழங்கிய பெயர் ஒன்று என்று பல பெயர்கள் இருக்கலாம். தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது பெயர் மறுபடியும் மாறியிருக்கலாம். ஆகவே இடங்களுக்கென்று தனி அட்டவணை ஒன்றை முதலில் அமையுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண், முதன்மைப் பெயர், மாற்றுப் பெயர்கள், அந்தப் பெயர் வழங்கிய காலம், அது எதன் பகுதி என்ற விவரம் ஆகியவை அதில் இருக்கட்டும். டிவிஷன் தோட்டத்தின் பகுதி, மேல் லயமும் கீழ் லயமும் டிவிஷனின் பகுதி, தோட்டம் கோலகங்சார் மாவட்டத்தின் பகுதி என்று படிநிலையாக எழுதினால், மாவட்டத்தின் பெயரால் தேடுபவருக்கும் லயத்துப் படம் கிடைக்கும். ஊர்ப்பெயரையும் துல்லியமாக எழுத வேண்டும். பேராக்கிலேயே தெற்கே இன்னொரு சுங்கை சிப்புட் இருப்பதால், நம் ஊர் முகவரிகளில் உத்தாரா (வடக்கு) என்ற அடைமொழி சேர்கிறது. அட்டவணையிலும் அது இடம்பெற வேண்டும். 1948 ஜூன் 16 அன்று தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்ட, மலாயாவின் அவசரகாலப் பிரகடனத்துக்குக் காரணமான நிகழ்வோடு தொடர்புடைய எல்ஃபில் தோட்டத்தின் பெயர் வரலாற்று நூல்களில் பல எழுத்துக்கூட்டல்களில் வருகிறது. அவை அனைத்தையும் மாற்றுப் பெயர்களாகச் சேர்த்தால்தான் ஆய்வாளர் எந்த வடிவத்தை இட்டுத் தேடினாலும் வந்து சேர்வார்.

ஆட்பெயர்களுக்கும் இதே முறைதான். பொதுவாழ்வில் இருந்தவர்களுக்குப் பட்டங்களை முதன்மைப் பெயரில் சேர்க்காதீர்கள். சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்து மலேசிய அமைச்சராக இருந்த வீ. தி. சம்பந்தன் துன் பட்டம் பெற்றது பின்னாளில்தான். அவர் நிறுவிய மகாத்மா காந்தி கலாசாலை என்ற தமிழ்ப்பள்ளி 1954இல் விஜயலட்சுமி பண்டிட்டால் திறந்துவைக்கப்பட்ட நிகழ்ச்சிப் படம் கிடைத்தால் அதில் இருக்கும் சம்பந்தன் அப்போது துன் அல்லர். பெயரையும் பிறப்பு இறப்பு ஆண்டுகளையும் முதன்மை வடிவமாக வைத்து, பட்டத்தோடு கூடியதை மாற்று வடிவமாக எழுதினால் எல்லாக் காலப் படங்களும் ஒரே பெயரின் கீழ் சேரும். சாதாரணத் தோட்டத் தொழிலாளர்களுக்குத் தந்தை பெயரே பெயர்களைப் பிரித்துக்காட்டும் அடையாளம். ஆகவே தந்தை பெயர், தோட்டம், வேலை ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். அடையாள கார்டில் கிராணியோ (தோட்ட எழுத்தரோ) அதிகாரியோ எழுதிய ரோமன் எழுத்து வடிவத்தையும் அப்படியே மாற்று வடிவமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் பேரப்பிள்ளைகள் தேடப்போவது அந்த வடிவத்தில்தான்.

பொருள் புலத்துக்கு ஒரு மூடிய சொற்பட்டியல் தேவை. பால் வெட்டு, பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு), ஆயாக் கொட்டகை, கள்ளுக்கடை, தீமிதி, தொழிற்சங்கம், காற்பந்து, இறுதிச்சடங்கு என்பன போன்ற சொற்கள் ஐம்பதுக்குள் இருந்தால் நன்று. பதிபவர் ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி புதிய சொல் சேர்க்க அனுமதித்தால், ஒருவர் தீமிதி என்றும் மற்றொருவர் பூமிதி என்றும் எழுதிப் பட்டியல் பயனற்றுப் போகும். புதுச்சொல் வேண்டுமென்றால் பொறுப்பாளர் ஒருவரைக் கேட்டே சேர்க்க வேண்டும்.

தேதியும் எழுத்தும்

பழைய படங்களில் தேதி இருப்பது அரிது. சரியாகத் தெரியாது என்பதற்காகப் புலத்தை வெறுமையாக விடவும் வேண்டாம், ஊகித்த ஆண்டைத் துல்லியம் போல எழுதவும் வேண்டாம். ஆண்டு-மாதம்-நாள் என்ற ஐஎஸ்ஓ 8601 வரிசையைப் பின்பற்றி, தெரிந்தவரை எழுதுங்கள்: 1954-06 என்றால் மாதம் வரை தெரியும், 1958~ என்றால் ஏறத்தாழ அந்த ஆண்டு. அந்தத் தரத்தின் விரிவாக்கத்தில், பத்தாண்டு மட்டும் தெரிந்தால் கடைசி இலக்கத்துக்குப் பதிலாக எக்ஸ் என்ற ரோமன் எழுத்தை இட வழியுண்டு. ஊகத்துக்கான காரணத்தை விளக்கம் புலத்தில் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954இல் தோன்றியது. அதன் பதாகை தெரியும் படம் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது 1960இல். அதன் பெயர் உள்ள காகிதமும் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. ஸ்கேனர் கோப்பில் தானாகப் பதியும் தேதி ஸ்கேன் செய்த நாள்தான். அதைப் படத்தின் தேதியாக ஏற்றிவிடாதபடி கவனமாக இருக்க வேண்டும்.

தமிழ் எழுத்தைப் பொறுத்தவரை, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடு தவிர வேறு எதையும் ஏற்காதீர்கள். பழைய கோயில் மலர்களின் கோப்புகள் டிஸ்கி போன்ற முந்தைய குறியீடுகளில் இருந்தால் ஏற்றுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். யுனிகோடிலும் இரண்டு பொறிகள் உண்டு. ஒகர, ஓகார எழுத்துகளை ஒரே குறியாகவும் உள்ளிடலாம், கொம்பும் காலும் எனப் பிரித்தும் உள்ளிடலாம்; கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் கணினிக்கு அவை வேறு வேறு. ஸ்ரீ என்ற எழுத்தும் இரண்டு விதமான குறித்தொடர்களால் அமையக்கூடியது. நம் கோயில் பெயர்களில் பெரும்பாலானவை ஸ்ரீ என்றே தொடங்குவதால், இதைக் கவனிக்காவிட்டால் மாரியம்மன் கோயில் படங்களில் ஒரு பகுதி தேடலில் வராமலே போகும். ஏதேனும் ஒரு வடிவத்தைத் தேர்ந்து புல அகராதியில் எழுதி, ஏற்றுவதற்கு முன் மற்றதைத் தேடி மாற்றிவிடுங்கள்.

மென்பொருள்

இவை முடிந்த பிறகு மென்பொருளைத் தேர்வது எளிது. அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்து வரலாற்று மையத்தில் உருவான ஒமெக்கா, டப்ளின் கோரைத் தன்னுள்ளேயே கொண்டுள்ள கட்டற்ற மென்பொருள். அதன் ஒமெக்கா எஸ் பதிப்பில், படத்துக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று, காகிதத்துக்கு ஒன்று எனப் புல வார்ப்புகளை நீங்களே அமைத்துக்கொள்ளலாம். இட அட்டவணையில் உள்ள தோட்டத்தையே ஒரு பதிவாக்கி, படங்களை அதோடு இணைக்கவும் முடியும். வலைத்தளம் அமைக்கப் பலர் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் செய்திகளுக்கும் அறிவிப்புகளுக்கும் ஏற்றது. ஆவணத் தொகுப்புக்கு அதைப் பழக்கக் கூடுதல் நிரல்கள் பல வேண்டியிருப்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. மென்பொருள் இலவசம் என்றாலும், டொமைன் பெயருக்கும் (தள முகவரிக்கும்) கோப்புகளை வைக்கும் வழங்கி இடத்துக்கும் ஆண்டுதோறும் வெள்ளி (ரிங்கிட்) கட்ட வேண்டும் என்பதைக் கமிட்டிக் கணக்கில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

பதிவுகளைத் தளத்தில் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்வதைவிட, விரிதாளில் நிரப்பி மொத்தமாக ஏற்றுவதே வசதி. எக்செல் பயன்படுத்தினால் தேதி நெடுவரிசையை முன்கூட்டியே உரை வடிவத்துக்கு மாற்றுங்கள். இல்லையேல் 1954-06 என்று எழுதியதை அது தன் போக்கில் வேறாக்கிவிடும். விரிதாளை வெறும் உரைக்கோப்பாக்கும் சிஎஸ்வி வடிவில் சேமிக்கும்போது யுடிஎஃப்-8 சிஎஸ்வி என்ற தேர்வையே பயன்படுத்த வேண்டும், சாதாரண சிஎஸ்வியில் தமிழ் எழுத்துகள் அனைத்தும் கேள்விக்குறிகளாகிவிடும். முதலில் நாற்பது ஐம்பது பதிவுகளை மட்டும் ஏற்றி, திட்டத்தில் ஈடுபடாத ஒருவரிடம் கொடுத்து, தம் தோட்டத்துப் படத்தைத் தேடச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடங்களே நீங்கள் திருத்த வேண்டிய புலங்கள்.

கோப்புகளுக்கு ரோமன் எழுத்தும் எண்ணும் கொண்ட குறுகிய அடையாளக் குறியையே பெயராக வையுங்கள். படங்களை டிஃப் வடிவில் மூலப்படியாகவும் ஜேபெக் வடிவில் பார்வைப்படியாகவும், பெரியவர்களின் பேச்சை வேவ் வடிவிலும் சேமியுங்கள்.

பெரியவர்களோடு உட்காருதல்

ஸ்கேன் செய்வதை யாரும் எந்த நாளும் செய்யலாம். படத்தில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடிய தாத்தா பாட்டிகள் நெடுநாள் இருக்கமாட்டார்கள். எனவே வேலை வரிசையில் அவர்களிடம் கேட்பதே முதலில் வர வேண்டும். இருவராகச் செல்லுங்கள், ஒருவர் பேசட்டும், மற்றவர் எழுதட்டும். அனுமதி பெற்று உரையாடலைப் பதிவு செய்யுங்கள். படத்தைப் பெரிதாக அச்சிட்டு எடுத்துச் சென்றால் திரையைவிடப் பயன் அதிகம். முன்வரிசை, இடமிருந்து வலம் என்று வரிசையாகக் கேளுங்கள். இருவர் இரு பெயர் சொன்னால் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல், யார் எதைச் சொன்னார் என்று இரண்டையும் விளக்கத்தில் எழுதுங்கள்.

உரிமையும் தனிமறைவும் இந்தச் சந்திப்பிலேயே பேசித் தீர்க்க வேண்டியவை. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி எழுத்து, இசை, கலைப் படைப்புகளுக்குப் பொதுவாக ஆக்கியோரின் வாழ்நாள் முழுவதும், அதன் பின் 50 ஆண்டுகளும் உரிமை உண்டு. படத்தின் அச்சுப் பிரதியை வைத்திருப்பதாலேயே ஒருவர் அதன் பதிப்புரிமையாளர் ஆகிவிடமாட்டார் என்பதால், உரிமை நிலை தெரிந்ததா, தெரியாததா என்பதை உரிமைப் புலத்தில் வெளிப்படையாக எழுதுங்கள். இதற்கென 2016இல் வெளியான ரைட்ஸ்ஸ்டேட்மென்ட்ஸ் அமைப்பின் 12 நிலைக்கூற்றுகளிலிருந்து பொருத்தமானதைத் தேர்ந்துகொள்ளலாம். அடையாள கார்டு எண், கடன் விவரம், நோய்க்குறிப்பு போன்றவை உள்ள காகிதங்களைப் பொதுப்பார்வைக்கு வைக்காதீர்கள். ஒமெக்கா எஸ்ஸில் குறிப்பிட்ட பதிவையோ புலத்தையோ மட்டும் மறைத்து வைக்க முடியும்.

தளம் இயங்கத் தொடங்கிய பிறகு, கடவுச்சொல்லும் டொமைன் பதிவும் தனியொருவர் பெயரில் இல்லாமல் அமைப்பின் பெயரில் இருக்கின்றனவா என்பதைக் கமிட்டி ஒவ்வோர் ஆண்டுக் கூட்டத்திலும் சரிபார்க்க வேண்டும். அதே கூட்டத்துக்கு முன் எல்லாப் பதிவுகளையும் சிஎஸ்வியாக இறக்கி, மூலப்படிகளோடு சேர்த்து இரு வேறு வன்தட்டுகளில் நகலெடுத்து, ஒன்றைப் பள்ளியிலும் மற்றொன்றை வேறு ஊரில் உள்ள உறுப்பினர் ஒருவரிடமும் வையுங்கள். புல அகராதியின் அச்சுப் பிரதியும் இரண்டோடும் இருக்க வேண்டும்.