பழைய ராக்ஸ்டெடி தட்டில் இரைச்சலைக் குறைத்தது: என் அனுபவம்

ஜமைக்காவில் தயாரிப்பாளர் டியூக் ரீடின் ட்ரெஷர் ஐல் ஸ்டுடியோவில், 1966 முதல் 1968 வரையான அந்தக் கொஞ்ச காலத்தில் பதிவான ராக்ஸ்டெடி (ரெகேவுக்கு முன்னோடியான இசை) பாட்டுகள் என்றால் எனக்கு உயிர். ஆசையாக வாங்கிய ஒரு மறுபதிப்பு 45-ல் (நிமிடத்துக்கு 45 முறை சுற்றும் சின்ன இசைத்தட்டு), ஜாக்கி ஜாக்சனின் பேஸ் கிட்டாருக்கு மேல் ஒரே சரசரப்பு. தட்டைக் கழுவினேன், முள்ளைத் துடைத்தேன், பெரிதாக மாறவில்லை.

விஷயம் வேறு. இவை மோனோ பதிவுகள், அதாவது இடது வலது என்று பிரிக்காமல் ஒரே சேனலில் பதிந்தவை. மோனோ தட்டில் முள் பக்கவாட்டில் அசைவதுதான் இசை. மேலும் கீழும் அசைவதெல்லாம் தூசி, தேய்மானம், கீறல். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் (முள்ளின் அசைவை மின்சிக்னலாக மாற்றும் பாகம்) அதையும் சேர்த்தே படித்துவிடும். இரண்டு சேனலையும் ஒன்றாக்கினால் மேல்-கீழ் அசைவின் சத்தம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், இசை அப்படியே நிற்கும்.

ஆம்ப்ளிஃபயரில் மோனோ பட்டன் இருந்தால் அழுத்தினாலே போதும். என்னுடையதில் இல்லை, அதனால் டர்ன்டேபிளுக்கும் ஃபோனோ ப்ரீஆம்புக்கும் (தட்டின் மெல்லிய சிக்னலைப் பெரிதாக்கும் கருவி) நடுவே இரண்டு ஒய் கேபிள்களை மாட்டி, இரண்டு சேனலையும் ஒன்றாக்கி மறுபடி இரண்டாகப் பிரித்தேன். பேஸ் நடுவில் கனமாக வந்து உட்கார்ந்தது, டாமி மெக்குக்கின் சாக்ஸஃபோன் தெளிந்தது, அடடா!

இரைச்சல் முழுக்கப் போகவில்லை. மூல டேப் கிடைக்காமல் பழைய தட்டிலிருந்தே எடுத்துப் போடும் மறுபதிப்புகள் நிறைய, அந்தப் பழைய தேய்மானம் இசையோடு சேர்ந்தே பதிந்துவிடும். அப்புறம், ஸ்டீரியோ தட்டு போடும்போது கேபிளைக் கழற்றிவிடுங்கள்.